பட்டாளத்தில் இருந்தவருக்கு வராமல் போன போர் மெடல்: ஆவணத்தில் ஏற்றுவது எப்படி?

1971 போரில் கிழக்கு முனையில் இருந்தவர் என் அப்பா. பட்டாளத்தை விட்டு வரும்போது தரும் சேவைப் புத்தகமான டிஸ்சார்ஜ் புக்கில், அதற்கான பூர்வி ஸ்டார் என்ற மெடல் ஏறவே இல்லை. அதைச் சரிசெய்ய அலைந்தபோது, எதை முதலில் செய்ய வேண்டும், எந்தத் தாள் இல்லாமல் போகக்கூடாது என்று தமிழில் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. வேலூர், தேனி, கன்னியாகுமரி என்று வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருந்த ஊர்கள் நம்மிடம் எத்தனையோ உண்டு. அந்தக் குடும்பங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மூன்று விஷயங்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது போரில் பங்கெடுத்ததற்காகவும் சேவைக்காகவும் தரப்படும் மெடல்களுக்கான வழி. வீர் சக்ரா, சேனா மெடல் போன்ற வீரதீர விருதுகள் அப்போதைய கமாண்டிங் ஆபீசரின் பரிந்துரையில் தொடங்குபவை. அவற்றுக்கு இந்த வழி உதவாது. இரண்டாவது, போர் மெடலால் பென்ஷன் உயராது, தனியாகப் பணமும் வராது. "மெடல் ஏறினால் அரியர்ஸ் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மூன்றாவது, உங்கள் குறி மெடல் அல்ல, பதிவு. டெல்லி கன்டோன்மென்ட் கோபிநாத் பஜாரில் எந்த மெடலையும் காசு கொடுத்து வாங்கிவிடலாம். ஆனால் ஆவணத்தில் பெயர் ஏறாத மெடல் அவருடையது ஆகாது. பதிவு ஏறிவிட்டால் மெடல் பின்னாலேயே வரும்.

1. எந்த மெடல் விடுபட்டது என்று முடிவுசெய்யுங்கள்

"எல்லா மெடலும் கொடுங்கள்" என்று எழுதினால் பதில் வராது. போர், இடம், மெடல் மூன்றையும் பொருத்திக் கேட்க வேண்டும்.

1965 போருக்கு சமர் சேவா ஸ்டார், ரக்ஷா மெடல் என இரண்டு. 1971க்கு கிழக்கு முனையில் இருந்தவர்களுக்கு பூர்வி ஸ்டார், மேற்கு முனையில் இருந்தவர்களுக்கு பஸ்சிமி ஸ்டார். இவை தவிர சங்கிராம் மெடல் என்று ஒன்று உண்டு. அதன் வரம்பு இன்னும் அகலமானது. 1987 முதல் 1990 வரை அமைதிப்படையில் இலங்கை போனவர்களுக்கு ஸ்பெஷல் சர்வீஸ் மெடல், 'ஸ்ரீலங்கா' என்ற கிளாஸ்ப்புடன் (ரிப்பனில் கோக்கும் பெயர்ப்பட்டை). கார்கிலுக்கு ஆபரேஷன் விஜய் ஸ்டார், ஆபரேஷன் விஜய் மெடல் இரண்டும் வேறு வேறு: ஸ்டார் சண்டை நடந்த பகுதியில் இருந்தவர்களுக்கு, மெடல் அந்த நேரத்தில் மற்ற இடங்களில் நிறுத்தப்பட்டவர்களுக்கு. எதிரியின் தாக்குதலில் காயம்பட்டவர்களுக்கு, முன்பு வூண்ட் மெடல் என்றிருந்த பராக்ரம் பதக். 9, 20, 30 வருடச் சேவைக்குத் தனி மெடல்கள். 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்கு 25ஆம் சுதந்திர ஆண்டு மெடல்.

விடுபடுவதற்குப் பெரிய காரணம் தேதிதான். மெடல்கள் போர் முடிந்த கையோடு அறிவிக்கப்படுவதில்லை. சமர் சேவா ஸ்டார் 1967இல்தான் உருவாக்கப்பட்டது, 1971 போருக்கான மெடல்கள் 1973இல். இடைப்பட்ட காலத்தில் வெளியே வந்தவருக்கும், போஸ்டிங் மாறிப் போனவருக்கும் யூனிட்டில் யாரும் தேடிப்பிடித்துப் பதிவு போட்டிருக்க மாட்டார்கள். போர் நேரத்தில் வேறு யூனிட்டில் அட்டாச்மென்ட்டில் (தற்காலிகப் பணியில்) இருந்தவர்கள், ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் கதையும் இதுதான். உங்கள் அப்பா இதில் எந்த வகை என்று அவரிடமே உட்கார்ந்து கேளுங்கள். கடிதத்தில் அந்தக் காரணத்தை ஒரு வரியில் எழுதப் போகிறீர்கள்.

2. டிஸ்சார்ஜ் புக்கை வரி விடாமல் படியுங்கள்

மெடல் பக்கத்தை மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி, கடைசி யூனிட், ராணுவ எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ராணுவ எண்ணின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். அதையும் சேர்த்து எழுத வேண்டும். பழைய புத்தகங்களில் மை வெளிறிப்போய் 1ம் 7ம் ஒன்றுபோலத் தெரியும். பென்ஷன் ஆர்டரோடு ஒப்பிட்டு உறுதிசெய்யுங்கள்.

பெயரைக் கவனியுங்கள். நம் ஆட்களுக்கு இங்கேதான் சிக்கல். பட்டாளத்தில் சேர்ந்த அன்று குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய பெயர் ஒன்று, ஆதாரில் இனிஷியலோடு வேறொன்று, பென்ஷன் ஆர்டரில் அப்பா பெயரையும் சேர்த்து இன்னொன்று. மெடலுக்கான எல்லாக் கடிதத்திலும் டிஸ்சார்ஜ் புக்கில் உள்ள எழுத்துகளையே, அதே வரிசையில் எழுதுங்கள். பெயர்த் திருத்தம் தேவையென்றால் அது தனி விண்ணப்பம். இரண்டையும் ஒரே கடிதத்தில் போட்டால், பெயர் விவகாரம் முடியும்வரை மெடல் விவகாரம் கிடப்பில் கிடக்கும்.

எல்லாப் பக்கத்தையும் கலரில் ஸ்கேன் செய்து வையுங்கள், வெற்றுப் பக்கம் உட்பட.

3. சரியான ரெக்கார்ட் ஆபீஸைப் பிடியுங்கள்

ஜவான், என்.சி.ஓ. (நாயக், ஹவில்தார்), ஜே.சி.ஓ. (சுபேதார் வரிசை) எல்லோருடைய ஆவணமும் அவரவர் ரெஜிமென்ட் அல்லது கோர் ரெக்கார்ட் ஆபீஸில் இருக்கும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்புக்கு பெங்களூரு. சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஆர்ட்டிலரிக்கு நாசிக், வாகனம், கருவிகளைப் பழுதுபார்க்கும் ஈ.எம்.ஈ. கோருக்கு செகந்திராபாத், மெடிக்கல் கோருக்கு லக்னோ. விமானப்படையினருக்கு டெல்லி சுப்ரதோ பார்க்கில் உள்ள ஏர்ஃபோர்ஸ் ரெக்கார்ட் ஆபீஸ். கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்குர்தில் உள்ள பியூரோ ஆஃப் செய்லர்ஸ். ஆபீசர்களுக்கு டெல்லி தலைமையகம்.

ரிட்டயராகி மறுபடி டி.எஸ்.சி.யில் (டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோர்) சேர்ந்தவர் என்றால் கவனம் தேவை. டி.எஸ்.சி. ரெக்கார்ட் ஆபீஸ் கண்ணூரில் இருக்கிறது. போர்க்காலப் பதிவு பழைய ரெஜிமென்ட் சேவையில் விழுந்ததா, டி.எஸ்.சி. சேவையில் விழுந்ததா என்று பார்த்து முகவரி போடுங்கள். இன்னோர் ஆபீஸுக்கு நகல் அனுப்புங்கள்.

பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் தளத்தில் இதைக் கேட்டுப் பயனில்லை. அது ஓய்வூதிய விவகாரம் மட்டும் பார்க்கும்.

4. அவர் அங்கே இருந்தார் என்பதற்கு ஆதாரம் சேருங்கள்

முழு வேலையிலும் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். "எங்கப்பா போரில் இருந்தார்" என்பது ரெக்கார்ட் ஆபீஸுக்கு ஒரு தகவல், அவ்வளவுதான். இந்தத் தேதியில், இந்த யூனிட்டோடு, இந்தப் பகுதியில் இருந்தார் என்று காட்டினால்தான் ஒரு குமாஸ்தா பழைய லெட்ஜரை எடுப்பார்.

என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விட எடை கூடிய ஆதாரம், கூட இருந்தவரின் டிஸ்சார்ஜ் புக் நகல். ஒரே கம்பெனி, ஒரே காலம், அவருக்கு அந்த மெடல் ஏறியிருக்கிறது என்றால், உங்கள் அப்பாவுக்கு ஏன் ஏறவில்லை என்ற கேள்வி தானாகவே எழும். அதோடு, "இவர் என்னோடு இன்ன இடத்தில் இருந்தார்" என்று அவர் கையெழுத்திட்டு, தன் ராணுவ எண்ணையும் எழுதித் தந்தால் இன்னும் நல்லது. இப்படிப்பட்டவரை எங்கே தேடுவது? யூனிட் தொடங்கிய நாளைக் கொண்டாடும் ரைசிங் டே கூட்டம், மாவட்ட முன்னாள் ராணுவத்தினர் சங்கம், முன்னாள் படைவீரர்களின் வாட்ஸ்அப் குழு. ராணுவத்தினருக்கான சி.எஸ்.டி. கேன்டீன் வரிசையில் நின்று விசாரித்தாலே ஒருவரிடமிருந்து இன்னொருவர் என்று நூல் பிடித்துப் போகலாம். தள்ளிப்போடாதீர்கள்; 1971இல் இருபது வயதில் இருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள்.

அடுத்தது வீட்டுப் பெட்டியில் கிடக்கும் கடிதங்கள். அம்மாவுக்கு அப்பா எழுதிய இன்லண்ட் லெட்டரைத் திருப்பிப் பாருங்கள். அனுப்புநர் முகவரியில் யூனிட் பெயருக்குக் கீழே 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) என்று இருக்கும். 99 என்றால் கல்கத்தா வழியாகப் போகும் கிழக்குப் பகுதித் தபால், 56 என்றால் டெல்லி வழி. இது மட்டும் தனித்து நிற்காது என்றாலும், யூனிட் பெயரும் தபால் முத்திரையில் 1971 டிசம்பர் தேதியும் சேர்ந்து இருந்தால் நல்ல துணை ஆதாரம். எங்கள் வீட்டுக் கடிதம் ஒன்றில் முத்திரையின் பாதிதான் விழுந்திருந்தது. உள்ளே அப்பா எழுதியிருந்த தேதி தெளிவாக இருந்ததால் இரண்டு பக்கத்தையும் சேர்த்து நகல் எடுத்தோம். கடிதத்தில் உள்ள குடும்ப விஷயத்தை வேண்டுமானால் மறைத்துக்கொள்ளுங்கள், தேதியையும் முகவரியையும் மறைக்காதீர்கள்.

காயம்பட்டவர் என்றால் ராணுவ ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, மெடிக்கல் போர்டு தாள் இரண்டும் முக்கியம். காயம் எப்படி ஏற்பட்டது என்று அதில் எழுதியிருப்பதைப் பொறுத்துத்தான் பராக்ரம் பதக் கேட்க முடியுமா என்பது தெரியும்.

போட்டோக்களை நம்பிப் போகாதீர்கள். பின்னால் தேதி, இடம் எழுதாத போட்டோவுக்கு மதிப்பு மிகக் குறைவு.

5. ஆவண நகலை ஆர்.டி.ஐ.யில் கேளுங்கள்

மெடலுக்கு விண்ணப்பிக்கும் முன்பே இதைச் செய்யச் சொல்வேன். ரெக்கார்ட் ஆபீஸ் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு எழுதும் கடிதம் வேறு மாதிரி இருக்கும்.

கட்டணம் 10 ரூபாய். ஆன்லைனில் மத்திய அரசின் ஆர்.டி.ஐ. தளத்தில் கட்டலாம், தபாலில் என்றால் போஸ்டல் ஆர்டர். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதிலுக்குக் கெடு 30 நாள். வராவிட்டால் அல்லது திருப்தியில்லாவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் இல்லை. அதற்கும் மேல் 90 நாளுக்குள் மத்திய தகவல் ஆணையம்.

"ஏன் மெடல் தரவில்லை?" என்று கேட்காதீர்கள். ஆர்.டி.ஐ.யில் இருக்கும் தாளைத்தான் கேட்க முடியும், விளக்கத்தை அல்ல. சர்வீஸ் ரெக்கார்ட் நகல், லாங் ரோல் (சுருக்கப் பதிவேடு) பதிவின் நகல், இன்ன வருடம் முதல் இன்ன வருடம் வரை அவர் பெயரில் வந்த மெடல் தொடர்பான பார்ட் டூ ஆர்டர்களின் (ஒரு படைவீரரைப் பற்றிய விவரத்தை ஆவணத்தில் ஏற்றும் உத்தரவுகள்) நகல், அந்தக் காலத்தில் அவர் இருந்த யூனிட்களின் விவரம் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

விண்ணப்பம் அப்பா பெயரிலேயே, அவர் கையெழுத்தோடு போகட்டும். மகன், மகள் பெயரில் போட்டால் மூன்றாம் நபரின் சொந்த விவரம் என்று மறுக்க இடம் இருக்கிறது.

பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. அவர்களுடைய சேவை ஆவணங்கள் 25 வருடம் கழித்து விதிப்படி அழிக்கப்பட்டிருக்கும். "ஆவணம் அழிக்கப்பட்டுவிட்டது" என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள். லாங் ரோல் என்ற சுருக்கப் பதிவேடு அதற்குப் பிறகும் வைக்கப்படும். அதன் நகலைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

6. ரெக்கார்ட் ஆபீஸுக்குக் கடிதம்

ஆங்கிலத்தில், ஒரே பக்கத்தில் எழுதுங்கள். முதல் வரியில் எண், ரேங்க், பெயர், சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி. அடுத்து எந்தப் போர், எந்த யூனிட், எந்தப் பகுதி, எந்த மாதம். மூன்றாவதாக விடுபட்ட மெடலின் முழுப் பெயர், விடுபட்டதற்கான காரணம். நான்காவதாகக் கோரிக்கை.

கோரிக்கையை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: தகுதியைச் சரிபார்த்து பார்ட் டூ ஆர்டர் வெளியிட வேண்டும், அதன் நகலை எங்களுக்கு அனுப்ப வேண்டும், மெடலை வழங்க வேண்டும். இதில் உயிர் முதலாவதில்தான் இருக்கிறது. ஒரு படைவீரரின் வாழ்க்கையில் லீவு, கல்யாணம், குழந்தை, புரமோஷன் எது நடந்தாலும் பார்ட் டூ ஆர்டர் வந்தால்தான் ராணுவத்தைப் பொறுத்தவரை அது நடந்தது. மெடலும் அப்படியே. "மெடல் வேண்டும்" என்று மட்டும் எழுதியவர்களுக்கு "ஸ்டாக் இல்லை" என்று பதில் வந்து, விஷயம் அங்கேயே முடிந்துவிடும். பதிவைக் கேட்டவருக்கு ஸ்டாக் ஒரு தடையே இல்லை.

இணைக்க வேண்டியவை: டிஸ்சார்ஜ் புக் நகல், பென்ஷன் ஆர்டர் நகல், முன்னாள் ராணுவத்தினர் அடையாள அட்டை, ஆதார், ஆர்.டி.ஐ.யில் வந்த தாள்கள், கூட இருந்தவரின் கடிதமும் அவர் டிஸ்சார்ஜ் புக் நகலும். எல்லாவற்றிலும் சுய சான்றொப்பம். ஒவ்வொன்றுக்கும் இணைப்பு எண் போட்டு, கடிதத்தில் அந்த எண்ணைக் குறிப்பிடுங்கள். அசலை அனுப்பாதீர்கள்.

அப்புறம், இதே கட்டை எடுத்துக்கொண்டு உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். அங்கே கட்டணம் எதுவும் கிடையாது. அவர்கள் மூலமாக ஒரு பிரதி போவது நல்லது. தனிமனிதக் கடிதத்துக்கும் அலுவலகக் கடிதத்துக்கும் பதில் வரும் வேகத்தில் வித்தியாசம் தெரியும். நேரடிப் பிரதியை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். சாதாரணக் கட்டுக்கு நூறு ரூபாய்க்குள் ஆகும். ரசீதையும், டெலிவரி ஆனதற்கான ஆன்லைன் பக்கத்தின் நகலையும் பத்திரப்படுத்துங்கள். பின்னால் நீதிமன்றம் போக நேர்ந்தால் இந்தச் சின்ன ரசீதுதான் கெடுவை நிர்ணயிக்கும்.

7. பதில் வராவிட்டால்

இரண்டு மாதம் பொறுங்கள். பிறகு பழைய கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் மத்திய அரசின் சி.பி.கிராம்ஸ் குறைதீர் தளத்தில் பதியுங்கள். கட்டணம் இல்லை, 21 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பது அரசின் வழிகாட்டுதல். 'ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்பப்பட்டது' என்று எழுதிவிட்டுப் புகாரை முடித்தால், விடாமல் அதே தளத்தில் மேல்முறையீடு செய்யுங்கள்.

எங்களுக்கு வந்த முதல் பதில், சரிபார்க்கப் பதிவு இல்லை என்ற ஒற்றை வரி. இது பலருக்கும் வரும். மறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்தப் பதிவேட்டைப் பார்த்தார்கள் என்று சொல்லும்படி கேட்டு, கூட இருந்தவரின் ஆதாரத்தை முன்னிறுத்தி மறுபடி எழுதுங்கள். அப்படி எழுதிய பிறகுதான் எங்கள் கோப்பு நகர்ந்தது.

திட்டவட்டமாக மறுத்துவிட்டால், ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. அதன் கிளை ஒன்று சென்னையில் உண்டு. இறுதி உத்தரவு வந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். ராணுவத்திடம் மனு கொடுத்து ஆறு மாதம் ஆகியும் பதிலே இல்லையென்றால், அதற்கடுத்த ஆறு மாதம் உங்கள் கெடு. பென்ஷன் மாதாமாதம் தொடரும் உரிமை என்பதால் தாமதத்தை ஓரளவு மன்னிப்பார்கள். மெடலுக்கு அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது. ஏன் இத்தனை வருடம் கேட்கவில்லை என்பதற்கு நேர்மையான விளக்கத்தோடு தாமத மன்னிப்பு மனுவும் சேர்த்துப் போட வேண்டியிருக்கும். வக்கீல் செலவையும் கணக்கில் வைத்து முடிவெடுங்கள். கையில் வலுவான எழுத்து ஆதாரம் இல்லாமல் தீர்ப்பாயம் போகச் சொல்ல மாட்டேன்.

8. அவர் இப்போது இல்லையென்றால்

இறந்தவருக்கும் பதிவு ஏற்றலாம். மனைவி இருந்தால் அவர் பெயரிலேயே எல்லா விண்ணப்பமும் போகட்டும், ஆர்.டி.ஐ. உட்பட. குடும்ப ஓய்வூதிய ஆர்டரில் அவர் பெயர் இருக்கும்; அது போதுமான அடையாளம். மனைவியும் இல்லையென்றால் இருவருடைய இறப்புச் சான்றும், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றும் வேண்டும். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க 60 ரூபாய். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரணை முடிய வாரக்கணக்கில் ஆகும் என்பதால் இதை முதலிலேயே தொடங்கிவிடுங்கள். வாரிசுகள் பலர் என்றால், ஒருவர் பெற்றுக்கொள்ள மற்றவர்களுக்கு ஆட்சேபணை இல்லை என்ற நோட்டரி கடிதம் தயார் செய்யுங்கள். முத்திரைத்தாளோடு சில நூறு ரூபாய் ஆகும்.

9. பதிவு ஏறிய பிறகு

பார்ட் டூ ஆர்டர் நகல் வந்ததும் எண்ணின் ஒவ்வோர் இலக்கத்தையும், பெயரையும், மெடலின் பெயரையும் சரிபாருங்கள். பிழை இருந்தால் அன்றே எழுதுங்கள்.

டிஸ்சார்ஜ் புக்கில் மெடலை ஏற்ற, அசலை அனுப்பச் சொல்வார்கள். எழுத்தில் கேட்டால் மட்டும் அனுப்புங்கள். ரெக்கார்ட் ஆபீஸ் பக்கமாக இருந்தால் நேரில் கொண்டுபோய் ஏற்றிக்கொண்டு வருவது இன்னும் பாதுகாப்பு. பேனாவால் நீங்களே எழுதிவிடாதீர்கள். கையொப்பமும் முத்திரையும் இல்லாத ஒரு வரி, புத்தகம் முழுவதையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

மெடல் கையில் வர இன்னும் காலம் பிடிக்கும். மெடல் தட்டுப்பாடு பணியில் இருப்பவர்களுக்கே உண்டு. அதுவரை குடியரசு தின விழாவுக்கோ யூனிட் கூட்டத்துக்கோ அணிய வேண்டுமென்றால், பார்ட் டூ ஆர்டர் நகலைப் பையில் வைத்துக்கொண்டு கடையில் வாங்கிய மெடலையும் ரிப்பனையும் அணியலாம். கன்டோன்மென்ட் பக்கத்து ராணுவத் தையல் கடைகளில் வரிசை முறைப்படி பட்டியில் கோத்தே தருவார்கள். வெலிங்டன் பக்கம் போகிறவர்கள் குன்னூரில் விசாரியுங்கள்.

ஏற்கெனவே வாங்கிய மெடல் தொலைந்துபோனவர்களுக்கு இந்த வழி பொருந்தாது. அது டூப்ளிகேட்டுக்கான விண்ணப்பம். தொலைந்ததற்கான போலீஸ் சான்றோடு விலையும் கட்ட வேண்டும். அதுவும் அதே ரெக்கார்ட் ஆபீஸ் வழியாகத்தான் போக வேண்டும்.